விமானத்தில் தலையாட்டாதீர்கள்!

முதலிலேயே உண்மையைச் சொல்லி விடுகிறேன். நான் அடிக்கடி விமானத்தில் பறக்கிற ஆள் கிடையாது. இதுவரை மொத்தமே நான்கு முறைதான். "நாலு தடவை ஏறிட்டு அட்வைஸ் பண்ண வந்துட்டான்" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக் கொள்ளலாம் :-) ஆனால் அந்த நான்கில் ஒரு பயணம் என்னை ரொம்பவே யோசிக்க வைத்து விட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. நானும் சித்தப்பாவும் சென்னையில் இருந்து அன்றைக்கு மாலையே கிளம்பினோம். கடைசி நேர டிக்கெட். கவுண்டரில் மிச்சம் இருந்த இரண்டு சீட்டைக் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நடுவில், இறக்கைக்கு நேராக, எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை! கால் நீட்ட நிறைய இடம். "நமக்கு இன்னைக்கு யோகம்டா" என்றார் சித்தப்பா. எனக்கு ஜன்னல், அவருக்கு நடு சீட், நடைபாதை ஓரத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர்.

கதவு மூடியதும் பணிப்பெண் ஒருவர் எங்கள் முன்னால் வந்து நின்று, கடகடவென்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஒப்பித்துப் பழகிய வேகம். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கடைசியில் ஒரு கேள்வி. "யெஸ்?" என்று எங்கள் மூவரையும் பார்த்தார். நான் தலையாட்டினேன். சித்தப்பாவும் தலையாட்டினார். பெரியவரும் தலையாட்டினார். அவ்வளவுதான், அவர் போய் விட்டார்.

விமானம் மேலே ஏறி ஒரு பத்து நிமிடம் கழித்துப் பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் தம்பி, அந்தப் புள்ள என்னமோ கேட்டுச்சே, என்னதுங்க அது?"

"ஏதாவது ஆபத்துன்னா இந்தக் கதவ நாமதான் திறக்கணுமாம் ஐயா. முடியுமான்னு கேட்டாங்க."

அவர் முகம் மாறிப் போனது. "அட, அத அப்பவே தமிழ்ல சொல்லியிருந்தா நான் வேற சீட்டு கேட்டிருப்பனுங்களே. வலது தோள்ல ஆபரேசன் பண்ணி மூணு மாசந்தான் ஆச்சு. ஒரு பையக்கூட தூக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் புரியாமல் தலையாட்டினார். நான் மட்டும் என்ன? பாதி புரிந்தும் புரியாமலும்தானே ஆட்டினேன்? கதவு என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. முன் பையில் இருந்த அட்டையை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். எங்கள் மூன்று தலையாட்டலை நம்பித்தான் விமானத்தில் இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எது மரியாதை?

விமானத்தில் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் வழக்கமாக மூன்று விஷயங்கள்தான் வரும். ஒன்று, நடு சீட்காரருக்கு இரண்டு கைப்பிடியும் உண்டா இல்லையா? இரண்டு, சீட்டைப் பின்னால் சாய்க்கலாமா கூடாதா? மூன்று, செருப்பைக் கழற்றலாமா? மூன்றாவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை, மூக்கு உள்ளவர்கள் முடிவு செய்யட்டும்.

சீட் சாய்க்கிற பிரச்சினை உலகம் முழுக்க இருக்கிறது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நியூவார்க்கில் இருந்து டென்வர் போன விமானத்தில், முன் சீட் சாயாமல் இருக்க ஒருவர் பிளாஸ்டிக் கட்டை மாதிரி ஒன்றைச் செருகி வைத்து விட்டார். முன்னால் இருந்த பெண்ணுக்கும் அவருக்கும் சண்டை முற்றி, விமானத்தையே சிகாகோவில் இறக்கி இரண்டு பேரையும் வெளியே அனுப்ப வேண்டியதாகி விட்டது. நான்கு அங்குல இடத்துக்காக!

எங்கள் எக்கனாமிக்ஸ் வகுப்பில் ரொனால்ட் கோஸ் என்பவரைப் பற்றிப் படித்தோம். 1991-ல் நோபல் வாங்கியவர். உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் இல்லை என்றால், இரண்டு பேரும் பேசி ஒரு நல்ல முடிவுக்கு வந்து விடுவார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். இங்கே சிக்கல் என்னவென்றால், அந்த நான்கு அங்குலத்தை விமான நிறுவனம் இரண்டு பேருக்கும் விற்றிருக்கிறது. எனக்குச் சாய்கிற பட்டன், பின்னால் இருப்பவருக்கு முழங்கால் இடம். விற்றவர் ஒதுங்கிக் கொள்ள, வாங்கிய இருவரும் அடித்துக் கொள்கிறார்கள். என் கருத்து இதுதான்: சாய்க்கலாம், ஆனால் திரும்பிப் பார்த்து விட்டு மெதுவாக. சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்தி விட வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சாய்க்காவிட்டால் குடி முழுகிப் போகாது. முடிந்தது விவாதம்.

ஆனால் இதெல்லாம் வெறும் சௌகரியம். முழங்கால் இடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உயிரைப் பாதிக்கிற நடத்தை என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாருமே சண்டை போடுவதில்லை.

மான்செஸ்டர், 1985

அந்தப் பயணத்துக்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். அதில் என்னை உலுக்கியது 1985 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில் நடந்த விபத்து. பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737. மேலே கிளம்பக்கூட இல்லை. ரன்வேயில் ஓடும்போதே என்ஜின் பழுதாகித் தீப்பிடித்தது. விமானி பிரேக் போட்டுப் பத்திரமாக நிறுத்தி விட்டார். தரையில்தான் நிற்கிறது. 137 பேரில் 55 பேர் இறந்து போனார்கள். அதில் பெரும்பாலானவர்கள் தீயில் கருகி இறக்கவில்லை, புகையில் இறந்தார்கள்.

இறக்கை மேல் இருந்த எக்ஸிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கதவைத் திறக்க முயன்றார். எதைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எட்டிக் கைப்பிடியை இழுத்ததும், இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கதவு உள்பக்கமாக அவர் மேலேயே விழுந்து அமுக்கி விட்டது. பின்னால் இருந்தவர் அதைத் தூக்கி ஒரு காலி சீட்டில் போட்ட பிறகுதான் வழி கிடைத்தது. அதற்குள் விமானம் நின்று சுமார் 45 நொடி ஆகி விட்டது. உள்ளே நச்சுப் புகை நிறைந்து கொண்டிருந்தபோது போன 45 நொடி!

அந்தப் பெண் மீது எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் எக்ஸிட் வரிசையில் இருப்பவர்களிடம் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டும், திறக்க முடிந்தவர்தான் அங்கே இருக்க வேண்டும், அங்கே இடைவெளி அதிகம் விட வேண்டும் என்பதெல்லாம் வழக்கத்துக்கு வந்தது. அந்த இடைவெளி எல்லாரும் தப்பிப்பதற்காக விட்ட வழி. அதைத்தான் இன்றைக்குக் "கால் நீட்ட அதிக இடம்" என்று கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். சித்தப்பா யோகம் என்று சொன்னாரே, அந்த யோகம் 55 பேர் செத்து வந்தது.

5 பவுண்டு பரிசோதனை

காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். விமானத்தில் இருந்து எல்லாரும் 90 நொடியில், பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக் கொண்டு, இருட்டில் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் பெரிய விமானங்களுக்கு அனுமதி கிடைக்கும். 2006-ல் ஏர்பஸ் ஏ380-க்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இந்தச் சோதனை நடந்தது. 873 பேர் 78 நொடியில் வெளியே வந்து விட்டார்கள். அபாரம்தான். ஆனால் அது சோதனை என்று எல்லாருக்கும் தெரியும். வரிசையாக, ஒழுங்காகப் போயிருப்பார்கள்.

மான்செஸ்டர் விபத்துக்குப் பிறகு கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் மியூர் என்ற பேராசிரியை வேறு மாதிரி யோசித்தார். ஆட்களை விமானத்தில் உட்கார வைத்து, முதலில் வெளியே வருகிற பாதிப் பேருக்கு 5 பவுண்டு போனஸ் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! சீட் மேல் ஏறிக் குதித்தார்கள், ஒருவரை ஒருவர் தள்ளினார்கள், கதவில் சிக்கி அடைத்துக் கொண்டார்கள். வெறும் 5 பவுண்டுக்கு இந்தப் பாடு என்றால் உயிருக்கு என்ன பாடு இருக்கும்?

இதில் எனக்குத் தெரிந்த பாடம்: ஒவ்வொருவரும் தனக்கு லாபமானதைச் செய்தால் எல்லாரும் சேர்ந்து நஷ்டப்படுகிற இடம் அது. சந்தையில் வேலை செய்கிற கணக்கு அந்தக் கதவில் வேலை செய்யாது.

பையா, உயிரா?

2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்தில் இருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ரன்வேயில் வயிற்றைத் தேய்த்துக் கொண்டு விழுந்து தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். நம் பக்கத்து ஊர் ஜனங்கள், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிப் போனவர்கள். பயணி ஒருவர் எடுத்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே புகை, பணிப்பெண் "குதிங்க, குதிங்க" என்று ஆங்கிலத்தில் கத்துகிறார், ஜனங்களோ மேலே இருக்கிற பையை இழுத்துக் கொண்டிருக்கிறார்கள். நல்ல வேளை, 300 பேரும் பிழைத்தார்கள். விமானம் நின்று பத்து நிமிடத்துக்குள் எரிபொருள் டேங்க் வெடித்தது. அதில் ஒரு தீயணைப்பு வீரர் இறந்து போனார்.

அந்த வீடியோவுக்கு வந்த கிண்டல்களில் எனக்கு உடன்பாடு இல்லை. வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பையில்தான் பாஸ்போர்ட், விசா காகிதம், சேமிப்பு எல்லாம் இருக்கும். பை போனால் பிழைப்பு போச்சு என்கிற பயம் நியாயமானதுதான். அதைப் புரிந்து கொள்கிறேன். ஆனால் நாம் பைக்காக நிற்கிற ஐந்து நொடி நம் கணக்கில் இருந்து போவதில்லை. நமக்குப் பின்னால் நிற்பவரின் கணக்கில் இருந்து போகிறது. எக்கனாமிக்ஸில் இதைத்தான் எக்ஸ்டெர்னாலிட்டி என்கிறார்கள். என் வசதி, வேறு ஒருவர் தலையில் செலவு. பாஸ்போர்ட்டையும் பர்ஸையும் சட்டைப் பையில் வைத்துக் கொண்டால் பிரச்சினையே இல்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சின்ன விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 8 கதவில் 3 கதவுதான் பயன்பட்டது. மைக் வேலை செய்யவில்லை, பணியாளர்கள் மெகாபோனில் கத்தினார்கள். ஏறக்குறைய எல்லாரும் பையை விட்டு விட்டுச் சறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் விமானமே எரிந்து சாம்பலானது. ஜப்பான்காரர்கள் வானத்தில் இருந்து குதித்தவர்கள் இல்லை. சொன்னதைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

பெல்ட்டும் லக்கி சீட்டும்

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். அவர் இருந்தது 11-ஏ. உடனே 11-ஏ சீட் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்து விட்டார்கள். 11-ஏ ஒவ்வொரு விமானத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். அந்த விமானத்தில் அது கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, வேறு ஒன்றில் சாதாரண ஜன்னல் சீட்டாக இருக்கும். ராசி நம்பர் பார்க்கிற நமக்கு இது பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

ராசியை விட பெல்ட் நம்பகமானது. 2024 மே 21-ல் லண்டனில் இருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியன்மார் வானத்தில் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. ஐந்து நொடிக்கும் குறைவான நேரத்தில் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் பறந்து போய் மேல்கூரையில் மோதினார்கள். பலருக்குப் பலத்த காயம், ஒருவர் இறந்தும் போனார். பெல்ட் போடாமல் பறந்தவர் தனியாக அடிபடுவதில்லை என்பதையும் யோசியுங்கள். அறுபது எழுபது கிலோ எடை கீழே விழும்போது பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் மேலும் விழலாம்.

அதே மாதிரி, சொல்வதை அரைகுறையாகக் கேட்பதும் ஆபத்து. 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. லைஃப் ஜாக்கெட்டை வெளியே போன பிறகுதான் ஊத வேண்டும். பலர் உள்ளேயே ஊதி விட்டார்கள். தண்ணீர் ஏறியபோது மிதந்து போய்க் கூரையில் சிக்கிக் கொண்டார்கள். 175 பேரில் 125 பேர் போய் விட்டார்கள். அந்த ஒரு வரி எல்லா விமானத்திலும் சொல்கிறார்கள். நாம் அப்போது போனில் கடைசி மெசேஜ் அனுப்பிக் கொண்டிருப்போம்.

நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு

பயணிகளை மட்டும் திட்டி விட்டுப் போனால் அது நியாயம் இல்லை. ஒரு வரிசை சீட் கூடினால் ஒரு நடைக்கு 6 டிக்கெட். ஒரு நாளைக்கு 8 நடை என்று வைத்துக் கொண்டால் 48 டிக்கெட். கணக்கு புரிகிறது. அதனால் சீட் நெருங்குகிறது. செக்-இன் பை இல்லாத டிக்கெட்டை மலிவாக விற்க 2021-ல் நம் நாட்டில் அனுமதி கொடுத்தார்கள். அப்படி வாங்குபவர் எல்லாவற்றையும் கைப்பையில் அடைத்து மேலே வைக்கிறார். பிறகு "பையை விட்டு விட்டு ஓடுங்கள்" என்றால் எப்படி ஓடுவார்? அம்மாவையும் பிள்ளையையும் தனித்தனியாக உட்கார வைத்து, சேர்ந்து உட்காரக் காசு கேட்கிற வேலையும் நடந்தது. ஆபத்து என்றால் எந்த அம்மா முதலில் கதவுக்கு ஓடுவாள்? பிள்ளையைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராகத்தான் போவாள். 12 வயது வரை உள்ள குழந்தையைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. உத்தரவு போட்டது. நல்ல விஷயம்.

என் கோரிக்கை இன்னும் இரண்டுதான். ஒன்று, எக்ஸிட் வரிசையில் தலையாட்டலைப் பதிலாக ஏற்கக் கூடாது. "என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டு, சென்னையில் இருந்து கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் போகிற விமானத்தில் பாதுகாப்பு விஷயங்களைத் தமிழிலும் சொல்ல வேண்டும். நேரம் ஆகும் என்பார்கள். பதிவு செய்த குரலில் இரண்டு நிமிடம். பர்கர் மெனுவைச் சொல்ல நேரம் இருக்கிறதே? சில விமானிகள் தமிழில் பேசும்போது பயணிகள் கைதட்டுவதைப் பார்க்கிறோம். அது சந்தோஷத்துக்கு. நான் கேட்பது உயிருக்கு.

மொழி தெரிந்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பர் 10-ல் சென்னையில் இருந்து திருச்சி கிளம்ப இருந்த விமானத்தில், தரையில் நிற்கும்போதே பயணி ஒருவர் எமர்ஜென்சி கதவைத் திறந்து விட்டார். தெரியாமல் நடந்தது, மன்னிப்புக் கேட்டார் என்றார்கள். அவர் ஒரு எம்.பி.! ஆக, படித்தவர், படிக்காதவர் என்ற கணக்கு இதில் இல்லை. கவனம்தான் கணக்கு.

கோவையில் இறங்கியபோது நடந்ததையும் சொல்லி விடுகிறேன். சக்கரம் தரையைத் தொட்டு விமானம் ஓடிக் கொண்டிருக்கும்போதே டிக் டிக் என்று பெல்ட் கழற்றுகிற சத்தம். பாதிப் பேர் எழுந்து பையை எடுக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பாவும் எழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம், அவரைக் குறை சொல்ல முடியாது. "சித்தப்பா, உட்காருங்க. கதவு திறக்காம நாம எங்க போகப் போறோம்?" என்றேன். முறைத்தார், ஆனால் உட்கார்ந்தார். பெரியவர் பெல்ட்டைக் கழற்றவே இல்லை. கடைசியில் அவர் பையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.

தாத்தா இப்போது நன்றாக இருக்கிறார். திரும்பி வரும்போது எனக்குப் பின்னால் சாதாரண சீட். உட்கார்ந்ததும் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணினேன். முன்னால் ஒன்பது, பின்னால் ஏழு. புகையில் கண் தெரியாவிட்டாலும் சீட் முதுகைத் தடவி எண்ணிக் கொண்டே போகலாம். பக்கத்தில் இருந்த அக்கா "என்ன தம்பி எண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் அவரும் திரும்பிப் பார்த்து எண்ணினார்.

நீங்களும் அடுத்த முறை எண்ணுங்கள். எக்ஸிட் வரிசையில் சீட் கிடைத்து, முடியாது என்று தோன்றினால் "முடியாது, வேற சீட் குடுங்க" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தயவு செய்து தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.